வெயில் எறித்தால் இருட்டு

பவதாரணி யாரையும் புகழ்கிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவள் நடத்தும் துப்பறியும் நிலையத்தில் மூன்று வருடமாக மாரடிக்கும் அனுசனுக்கு இது நன்றாகவே தெரியும். அங்கே சாரதி அவன்தான், படம் எடுப்பவன் அவன்தான், தேத்தண்ணி போடுவதும் அவன்தான். அடி விழக்கூடிய இடமாக இருந்தால் முதலில் உள்ளே அனுப்பப்படுவதும் அவன்தான். புங்குடுதீவில் களவுபோன படகு எஞ்சினை மடத்துவெளியில் ஒரு வைக்கோல் போருக்குள்ளிருந்து அவன் இழுத்து எடுத்த நாளில்கூட, "மேலெல்லாம் வைக்கோல், தட்டிப்போட்டு வாகனத்தில ஏறும்" என்றுதான் அவள் சொன்னாள்.

அப்படிப்பட்டவள் நெடுந்தீவில் இறங்கி அரை மணி நேரம் ஆகவில்லை, மிதுஷன் என்ற பொறியியலாளனைப் பார்த்து, "நீர் நல்ல கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா? "எங்களோட வந்து சேர விருப்பமெண்டால் சொல்லும். உம்மைப் போல ஒரு ஆள் என்னட்டை இல்லை."

அனுசனுக்கு வயிறு பற்றி எரிந்தது. கடல் காற்று அந்த அடி அடித்தும் அது அணையவில்லை.

மிதுஷன் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தீவின் மின்சாரக் கதையைக் குழப்பாமல் சொன்னான், அவ்வளவுதான். கொழும்பில் படித்து, வெளிநாட்டில் மேலே படித்து, இப்போது நெடுந்தீவுச் சூரிய மின் நிலையத்துக்குப் பொறுப்பாக வந்திருக்கிறான். ஊர்காவற்றுறையில் அவனுக்குத் தாய் இருக்கிறாள். ஆள் சிவலை, உயரம், பல்வரிசை வடிவு. அந்தப் பல்வரிசையைத்தான் அனுசனால் மன்னிக்க முடியவில்லை.

"முந்தி தீவு முழுக்க டீசல் எஞ்சின்தான் அக்கா," என்று மிதுஷன் சொன்னான். "எல்லாம் ஒரே கையில இருந்தது. இப்ப புது ஒழுங்கு. எல்லாத்தையும் பிரிச்சுக் குடுத்திட்டினம். வெயிலும் காத்தும் எங்கட கொம்பனிக்கு. டீசல் எஞ்சின் டவுணில இருக்கிற ஒரு கொந்தராத்துக்காரருக்கு. வயர் வேற ஆக்களுக்கு. அவரவர் தங்கட வேலையை மட்டும் பாக்க வேணும். மற்றவையின்ர மெஷினில கை வைக்கேலாது."

"அப்ப கறண்ட் நிண்டால் ஆரைப் போய்க் கேக்கிறது?" என்றான் அனுசன்.

"அது இன்னும் முடிவாகேல்லை."

"நல்ல ஒழுங்கு. மாப்பிள்ளை ஒரு வீட்டில, பொம்பிளை இன்னொரு வீட்டில, பிள்ளை அழுதால் தூக்க ஆளில்லை."

பவதாரணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

விவகாரம் இதுதான். மாசி பிறந்ததிலிருந்து மத்தியானம் ஆனால் தீவில் கறண்ட் போய்க்கொண்டிருந்தது. தினமும் அல்ல, சில நாட்களில் மட்டும். அந்த நாட்களில் கடற்றொழிலாளர் சங்கத்தின் ஐஸ் அறையும் நின்றுபோகும். இரண்டு முறை நண்டு முழுவதும் பழுதாகி, பெட்டி பெட்டியாகக் கடலிலேயே கொட்டினார்கள். தீவுச் சனம் கொதித்துப் போயிருந்தது. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மிதுஷன் ஒருபடி மேலே போய், அது யார் என்றும் சொன்னான். டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் இன்னாசித்தம்பிதான் என்று முறைப்பாடு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். இன்றைக்குப் பின்னேரம் அதைப் பொலிசில் கொடுக்கப்போகிறான். கொடுத்தால் இன்னாசித்தம்பி உள்ளே போவது நிச்சயம். போகாவிட்டாலும் நண்டை இழந்தவர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

பவதாரணியை அழைத்தது இன்னாசித்தம்பியின் மனைவி கிறேசம்மா. "என்ர மனிசன் கோவக்காரன் பிள்ளை, ஆனால் கள்ளன் இல்லை" என்று தொலைபேசியில் அழுதிருந்தாள்.

"ஏன் அவரிலை சந்தேகம்?" என்று பவதாரணி கேட்டாள்.

மிதுஷன் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினான். வேலியோரம் போன ஒழுங்கைக்கு மறுபக்கம் தகரக் கூரை போட்ட எஞ்சின் வீடு நின்றது. "எஞ்சின் ஓடுற நேரத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம். எங்கட பனலும் பற்றறியும் ஒழுங்கா வேலை செய்தால் அவற்ர எஞ்சின் சும்மா நிக்கும். அதுதான் பொறாமை. எங்கட வளவை அவர் பாக்கிற பார்வையை நீங்கள் ஒருக்காப் பாக்க வேணும்."

வளவு பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்வேலிக்குள் சோலர் பனல்கள் வரிசை வரிசையாகப் படுத்திருந்தன. அதற்குத் தெற்கே குட்டியாய் ஒரு கட்டுப்பாட்டு அறை, அதன் பின்னால் இரண்டு கம்பங்கள், வைக்கோல் திணித்த ஒரு வெருளிப் பொம்மை, தண்ணீர்த் தொட்டி. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பனலில் நிழல் விழும் என்று எல்லாவற்றையும் தறித்துவிட்டார்களாம்.

கிறேசம்மாவின் வீடு எஞ்சின் வீட்டுக்கு அடுத்தது. முற்றத்தில் பாய் விரித்து மீன் காயப்போட்டிருந்தாள். வந்தவர்களைக் கதிரையில் இருத்திவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினாள்.

"சனம் என்ன சொல்லுது? மப்பு வந்து வானம் மூடினால் சோலர் வேலை செய்யாது, அதுதான் கறண்ட் நிக்குது எண்டு. பொய் பிள்ளை! மப்பு நாளில ஒரு கரைச்சலும் இல்லை. நல்லா வெயில் எறிக்கிற நாளிலதான் நிக்குது."

பவதாரணியின் முகம் மாறியது. "வடிவாத் தெரியுமோ அக்கா?"

"எனக்குத் தெரியாமலோ? வெயில் எறிச்சால்தானே நான் மீன் காயப்போடுறனான். எஞ்சின் புகை வந்தால் ஓடிவந்து சாக்கால மூடுவன். மூடாட்டில் கருவாட்டில டீசல் மணக்கும், ஒருத்தரும் வாங்காயினம். மூடிப்போட்டு உள்ளுக்குப் போய் இருந்தால், கொஞ்சத்தால ஃபான் நிண்டுபோகும்."

"பொறுங்கோ. புகைதான் முதல் வாறதோ, ஃபான் நிக்கிறதோ?"

"புகைதான். எல்லா நாளும் புகைதான் முதல்."

சொல்லி முடிந்த பிறகுதான் கிறேசம்மாவுக்கு விளங்கியது. அவளுடைய கை தானாக வாயைப் பொத்தியது. கறண்ட் போனபிறகு எஞ்சின் தொடங்கினால் அது உதவி. கறண்ட் போக முதலே தொடங்கினால்? எஞ்சின் வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு இருப்பது அவள் புருசனிடம்.

"ஐயோ மாதாவே, நானே அவருக்கு எதிராச் சொல்லிப்போட்டனோ?"

"நீங்கள் உண்மையைச் சொன்னனீங்கள்," என்றாள் பவதாரணி. அது கிறேசம்மாவுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னாசித்தம்பி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனைமரம் போல் ஆள், இடுப்பில் சாரம், வெறும் மேல். எஞ்சின் பளபளவென்று இருந்தது, துடைக்க அதில் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் துடைத்தார்.

"எஞ்சினைத் தொடக்கிறது நீங்களோ அண்ணை?"

"முந்தி நான். இப்ப அது தானாத் தொடங்குது, தானா நிக்குது. அங்கால அவங்கட கொம்பியூட்டர் சொல்லுது, இது கேக்குது. என்ர பொஞ்சாதிகூட என்ர சொல்லை உப்பிடிக் கேட்டதில்லை. எனக்கு எண்ணெய் ஊத்திறதும் துடைக்கிறதும்தான் வேலை."

"கையால தொடக்கேலாதோ?"

"ஏன் ஏலாது? திறப்பு இஞ்சை." இடுப்பில் செருகியிருந்த திறப்புக்கோர்வையைத் தட்டிக் காட்டினார்.

தன் தலையில் தானே மண் அள்ளிப் போடுகிற குடும்பம் என்று அனுசன் நினைத்துக்கொண்டான்.

"அவையின்ர பனலில உங்களுக்குப் பொறாமையோ?" என்று பவதாரணி நேராகக் கேட்டாள்.

துடைத்த கை நின்றது. பிறகு துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது.

"மத்தியானம் அவையின்ர வளவுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிப்பம்."

"அந்த வளவுக்கோ? நான் கால் வைக்கமாட்டன்."

"தேத்தண்ணிக்காக வராதேங்கோ. உங்கட பேருக்காக வாங்கோ. வரேக்க எஞ்சின் வீட்டைப் பூட்டுங்கோ."

திரும்பி நடக்கும்போது அனுசன் தன் கண்டுபிடிப்பை அவிழ்த்துவிட்டான். "அக்கா, மனிசன் அப்பாவி. செய்யிறது அந்த மிதுஷன். கொம்பியூட்டர் அவன்ர, சொல்லுறதும் அவன்தான். டீசல்காரனிலை பழியைப் போட்டால் அந்தக் கொந்தராத்தும் கொம்பனிக்கு வந்திடும். ஆளின்ர சிரிப்பைப் பாத்தனீங்களோ? கள்ளச் சிரிப்பு."

"நேற்று அவனை ஆரெண்டே உமக்குத் தெரியாது. இண்டைக்கு நான் ரெண்டு வார்த்தை நல்லாச் சொன்னன், உடன அவன் கள்ளனாயிட்டான்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"எரிச்சலில பிடிச்ச கள்ளனை நான் நம்புறேல்லை அனுசன். அவனும் அதைத்தான் செய்திருக்கிறான். பொறாமைக்காரர் எண்டு ஒரு ஆளைக் கண்டவுடன அவரைக் குற்றவாளியாக்கிப்போட்டான். நீரும் அவனும் ஒண்டு."

மிதுஷனோடு தன்னை ஒன்றாக வைத்துப் பேசியது ஒருவகையில் பாராட்டா என்று அனுசன் யோசித்துப் பார்த்தான். இல்லை என்றுதான் பட்டது.

மத்தியானம் வானம் கழுவி விட்டதுபோல் நீலமாக இருந்தது. கட்டுப்பாட்டு அறை வாசலில் பவதாரணியும் மிதுஷனும் கதிரை போட்டு இருந்து எதையோ பேசிச் சிரித்தார்கள். அனுசனால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிடத்துக்குப் பின்பக்கம் போனான். அங்கே அந்த வளவு முழுவதிலும் இருந்த ஒரேயொரு நிழலைக் கண்டுபிடித்து அதற்குள் நின்றான். நிழல் மெல்ல நகர்ந்தது. வெயில் தோளைச் சுட, அவனும் கூடவே நகர்ந்தான்.

இன்னாசித்தம்பி வந்தார். சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மிதுஷன் எழுந்து இடம் கொடுத்தான், அவர் இருக்கவில்லை. பவதாரணி நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு, பனல்களைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டார்.

திடீரென்று ஒழுங்கைக்கு அப்பால் எஞ்சின் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்கு மேலே கரும்புகை எழும்பியது.

"பாத்தீங்களோ அக்கா!" மிதுஷன் துள்ளி எழுந்தான். "நல்ல வெயில், கறண்டும் கிடக்கு, தொடக்கிப்போட்டார்! உங்கட கண்ணுக்கு முன்னால—"

அவன் பேச்சு பாதியில் நின்றது. தொடக்கியதாக அவன் சொன்ன ஆள் அவன் பக்கத்தில்தான் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இன்னாசித்தம்பி இடுப்பிலிருந்த திறப்புக்கோர்வையை எடுத்து மிதுஷனின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"எஞ்சின் வீடு பூட்டிக் கிடக்கு," என்றாள் பவதாரணி. "நான்தான் பூட்டிப்போட்டு வரச் சொன்னனான். இப்ப உம்மட கொம்பியூட்டரைப் போய்க் கேளும், ஏன் தொடக்கினதெண்டு."

மிதுஷன் உள்ளே ஓடினான். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "வெயில் திடீரெண்டு குறைஞ்சுபோச்சாம். மேகம் மூடிட்டுதாம். அதுதான் டீசலைக் கூப்பிட்டிருக்கு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

"நீர் உம்மட பனலைப் பாக்கிறீர், அவர் தன்ர எஞ்சினைப் பாக்கிறார், வயர்க்காரர் வயரைப் பாக்கினம்," என்றாள் பவதாரணி. "மாசி முழுக்க ஒருத்தராவது தலையைத் தூக்கி வானத்தைப் பாத்திருந்தால் இந்தக் கேஸே வந்திராது. சரி, இனி என்ன நடக்கும்?"

"வெயில் குறையேல்லைதானே. பனலும் முழுசாக் கறண்ட் குடுக்குது, எஞ்சினும் குடுக்குது. தேவைக்கு மேலால போகும். அப்ப பனலெல்லாம் தங்களைக் காப்பாத்த ஒரேயடியா விலகிடும். எஞ்சின் தனியத் தாங்காது, படுத்திடும்." மிதுஷன் வியர்வையைத் துடைத்தான். "வள்ளம் சரியுதெண்டு எல்லாரும் ஒண்டா மற்றப் பக்கம் பாஞ்ச மாதிரி. கொஞ்ச நேரம்தான் கிடக்கு அக்கா. ஐஸ் அறையில இண்டைக்கு விடியப் பிடிச்ச நண்டு முழுக்கக் கிடக்கு."

"கொம்பியூட்டருக்கு வானத்தைப் பற்றி ஆர் சொல்லுறது?"

"வெயில் அளக்கிற கருவி. பின்னால கம்பத்தில—"

"அக்கா!" கட்டிடத்துக்குப் பின்னாலிருந்து அனுசன் கத்தினான். "மேகம் இஞ்சை நிக்குது! சேட்டுப் போட்டுக்கொண்டு நிக்குது!"

எல்லோரும் ஓடினார்கள். அனுசன் சுட்டுவிரலை நீட்டியபடி நின்றான். அவனுக்கு முன்னால் ஒரு கம்பம், அதன் உச்சியில் உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவு கண்ணாடிக் குமிழ். அதற்குத் தெற்கே, அதைவிட உயரமான இன்னொரு கம்பத்தில் வெருளி. பானைத் தலையில் சுண்ணாம்பால் முழிக்கண்ணும் கோரைப்பல்லும் கீறி, கொம்பனிச் சேட்டுப் போட்டு, இரண்டு கையையும் அகல விரித்து எஞ்சின் வீட்டை முறைத்துக்கொண்டிருந்தது. அனுசன் இவ்வளவு நேரமும் நின்றது அதன் நிழலில்தான். அந்த நிழலின் ஒரு கை இப்போது கண்ணாடிக் குமிழை நன்றாகப் பொத்திப் பிடித்திருந்தது.

"மப்பு நாளில வெருளிக்கு நிழல் இல்லை," என்றாள் பவதாரணி. "வெயில் எறிச்சால் மட்டும் இதுக்குக் கை முளைக்குது. இந்த வெருளியை ஆர் கட்டினது?"

"காவலாளி கட்டியிருப்பான்," என்றான் மிதுஷன். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

"காவலாளிக்குப் பொறியியலாளரின்ர சேட்டு எப்பிடிக் கிடைச்சுது?" சேட்டின் பையிலும் மிதுஷன் போட்டிருந்த சட்டையின் பையிலும் ஒரே பெயர்தான் தைத்திருந்தது, அவனுடைய பெயர்.

மிதுஷனின் காது சிவந்தது. கொழும்புப் படிப்பும் வெளிநாட்டுப் படிப்பும் ஒருபக்கம் ஒதுங்கி வழிவிட்டன. "அம்மாதான் சொன்னவ. புது இடம், வடிவா இருக்கு, கண்ணூறு படும், ஒரு வெருளி கட்டு எண்டு. பனலில நிழல் விழக்கூடாதெண்டு அளந்து அளந்துதான் கட்டினனான். சென்சரை மறந்துபோனன்."

"ஆற்ர கண்ணுக்குப் பயந்து?"

மிதுஷன் நிலத்தைப் பார்த்தான். பதில் இன்னாசித்தம்பியிடமிருந்து வந்தது.

"என்ர கண்ணுக்குத்தான். பொடியனிலை பிழையில்லை. நான் பாத்தனான்தான். விடிஞ்சு எழும்பினால் முதல் வேலை வேலிக்கால இதைப் பாக்கிறதுதான். ஒரு சத்தமில்லை, புகையில்லை, எண்ணெய் ஊத்த ஒரு ஆள் தேவையில்லை. பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சது. நாசமாப் போகட்டும் எண்டும் நினைச்சனான். ஆனால் பாத்ததோட சரி, கை வைக்கேல்லை."

"பாத்ததுக்குக் கேஸ் இல்லை அண்ணை," என்றாள் பவதாரணி.

ஒழுங்கைக்கு அப்பால் எஞ்சினின் சத்தம் ஏறி இறங்கத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறைக்குள் ஏதோ ஒன்று கீச்சிட்டது.

"நேரமில்லை. அவிழும் மிதுஷன்!"

மிதுஷன் இரண்டடி வைத்தான். கம்பத்தைப் பிடித்தான். பிறகு அப்படியே நின்றான். யாருடைய கண்ணுக்காகக் கட்டினானோ அந்த மனிதரே எதிரில் நிற்க, காப்பை அவிழ்க்க அவன் கை எழும்பவில்லை. இத்தனை நேரமும் அவனை வெறுத்த அனுசனுக்கே அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அனுசன் முன்னால் போக அடியெடுத்தான்.

அதற்குள் இன்னாசித்தம்பி தேத்தண்ணிக் கோப்பையைக் கல்வேலியின் மேல் வைத்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"விலகு தம்பி. எனக்கெண்டு கட்டினது. நானே அவிழ்க்கிறன்."

கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து ஆட்டினார். ஒரு ஆட்டு, இரண்டு ஆட்டு, மூன்றாவதில் கல்லோடு பெயர்ந்து வெருளி முகங்குப்புற விழுந்தது. பானைத் தலை உடைந்தது. கண்ணாடிக் குமிழின் மேல் வெயில் பளீரென்று அடித்தது.

கீச்சிட்டது நின்றது. கொஞ்ச நேரம் முக்கிக்கொண்டிருந்த எஞ்சின் ஒருமுறை குலுங்கி அடங்கியது. புகை மெலிந்து கடல் பக்கம் போயிற்று. அறைக்குள் எரிந்த விளக்கு சிமிட்டக்கூட இல்லை.

"கறண்ட் நிக்கேல்லை!" என்று கிறேசம்மா ஒழுங்கையால் ஓடி வந்தாள். கையில் கருவாடு மூடிய சாக்கு. "புகை வந்தது, ஆனால் ஃபான் நிக்கேல்லை! ஐஸ் அறையும் ஓடுது, பெடியள் கையைத் தட்டுறாங்கள்!"

மிதுஷன் சட்டைப்பைக்குள்ளிருந்த முறைப்பாட்டை எடுத்துக் கிழித்தான். துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றான். இன்னாசித்தம்பி தலையை ஆட்டினார்.

அனுசன் பவதாரணியைப் பார்த்தான். மேகத்தைப் பிடித்தவன் அவன். இன்றைக்காவது ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தான். அவள் இன்னாசித்தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு மரியாதையோடு அவள் யாரையும் பார்த்து அவன் கண்டதில்லை. அவனுக்கு வழக்கம்போல எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த மனிதர் என்ன செய்தார் என்பது அவனுக்கும் அப்போதுதான் விளங்கத் தொடங்கியிருந்தது.

கிறேசம்மாவுக்கு அது விளங்கவில்லை. சந்தோசத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருசனின் கையைப் பிடித்தாள். "உங்கட பேர் தப்பிட்டுது. இனி ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேலாது. இனி என்ன, சொல்லுங்கோ பாப்பம்!"

இன்னாசித்தம்பி ஒழுங்கைக்கு அப்பால் சத்தமில்லாமல் கிடந்த தன் எஞ்சின் வீட்டைப் பார்த்தார்.

"இனி என்ன? மாரி மழை வரைக்கும் எஞ்சின் ஓடாது. ஓடாட்டில் சம்பளமும் இல்லை. நாள் முழுக்கச் சும்மா இருந்து, ஆறுதலாப் பொறாமைப்படலாம்."